காற்றும் நீரும் அறிந்த பிள்ளை: வடசென்னைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி வாழும் நம் வீடுகளில், பிள்ளைகளிடம் ஒரு நாளில் எத்தனை முறை ‘போகாதே’ என்று சொல்கிறோம் என்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கடலுக்குப் போகாதே, கால்வாய் ஓரம் போகாதே, தண்டவாளத்தைத் தாண்டாதே, மழைத் தண்ணீரில் இறங்காதே. எல்லாம் அக்கறையால் சொல்லப்படுபவைதான். ஆனால் பன்னிரண்டு வயதில் ஒரு விடுமுறை நாளன்று, நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று அந்தப் பிள்ளை கடலுக்குப் போகத்தான் போகிறது. அலை எந்த இடத்தில் இழுக்கும், எந்தக் கல் வழுக்கும், நண்பன் மூழ்கினால் முதலில் செய்ய வேண்டியது என்ன என்று எதுவும் தெரியாமல், மீறி வந்துவிட்டோம் என்ற பயத்தை மட்டும் சுமந்துகொண்டு போகப் போகிறது. வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் உதவிக்குக் கத்தக்கூடத் தயங்கும். அதனால்தான் நாமே கூட்டிக்கொண்டு போய், நின்று, காட்டி, சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்கிறேன்.

நான் திருவொற்றியூரில் பள்ளி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தெருப் பிள்ளைகளோடு கடற்கரைக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும், பனிக்காலத்தில் பழவேற்காட்டுக்கும் போய்வருவது பல ஆண்டுப் பழக்கம். வெளியில் பிழைத்துக்கொள்ளும் அறிவு என்றவுடன், காட்டில் கூடாரம் அடிப்பதும் சுள்ளி பொறுக்கித் தீ மூட்டுவதும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அவையும் நல்லவையே. ஆனால் நம் பிள்ளைகளுக்குக் கிழக்கே வங்கக் கடலும், மேற்கே பக்கிங்காம் கால்வாயும், வடக்கே கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரமும், இவற்றுக்கு நடுவே அனல்மின் நிலையங்களும் எண்ணெய்க் கிடங்குகளும் இருக்கின்றன. இங்கே உயிரைக் காப்பாற்றப்போவது காற்றையும் நீரையும் பற்றிய அறிவுதான். தீ மூட்டுவதைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

புறப்படும் முன்

ஆறு பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள் என்ற கணக்கைக் குறைக்காதீர்கள். ஒருவர் முன்னால் நடக்க வேண்டும், ஒருவர் கடைசிப் பிள்ளைக்கும் பின்னால் வர வேண்டும். காலை 6 மணிக்குக் கிளம்பி 9 மணிக்குள் வீடு திரும்பிவிடுவது நல்லது. இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். ஒரு மே மாதத்தில், காலையில் வேலை இருந்ததால் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிள்ளைகளை முகத்துவாரத்துக்கு அழைத்துப் போனேன்; ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் எடுத்திருந்தோம். அரை மணி நேரத்தில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி தலைவலிக்கிறது என்றாள், பிறகு வாந்தி எடுத்தாள், பிறகு கேட்டதற்குப் பொருத்தமில்லாமல் பதில் சொன்னாள். நிழல் என்று அங்கே இருந்தது ஒரு படகின் ஓரம் மட்டும்தான். அங்கிருந்த மீனவப் பெண் ஒருவர் தம் குடத்துத் தண்ணீரில் துண்டை நனைத்து அவள் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, முந்தானையால் விசிறினார். ஆட்டோ வருவதற்குள் அவள் தெளிந்துவிட்டாள். அந்தப் பிழை முழுக்க என்னுடையது. பேச்சுத் தடுமாறும் அளவுக்கு வெயில் தாக்கிவிட்டால், உடலைக் குளிர்விப்பதைத் தொடங்கியபடியே 108-ஐ அழைத்துவிட வேண்டும் என்பதும், முழு நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது என்பதும் அன்று முதல் எங்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் மனப்பாடம்.

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு பருத்தித் துண்டு, கடலை மிட்டாய், கழுத்தில் நூலில் கோத்த விசில், பெற்றோரின் கைபேசி எண் எழுதிய சீட்டு, இவை போதும். கூட வரும் பெரியவர் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் வைத்திருக்கட்டும். அது கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கரைத்துக்கொள்ளலாம். உப்பு கூடிவிடக் கூடாது.

பத்து நிமிட அமைதி

முதல் நாளே முடிச்சு, நீச்சல் என்று தொடங்காமல், உட்காரச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் பத்து அடி இடைவெளியில், பேசாமல், பத்து நிமிடம் உட்கார வேண்டும். முதல் மூன்று நிமிடம் நெளிவார்கள். அதன்பின் கண் திறக்கும். ஈர மணலில் சிறு சிறு உருண்டைகள் வளையமாகக் கிடப்பதை யாராவது பார்ப்பார்கள். இன்னும் கொஞ்சம் அசையாமல் இருந்தால் அந்த உருண்டைகளுக்கு நடுவிலுள்ள துளையிலிருந்து விரல்நகம் அளவு நண்டு வெளியே வரும், மணலை வாயருகே கொண்டுபோய் உணவைச் சலித்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உருண்டையாக்கி ஒதுக்கிவிட்டு அடுத்த வாய்க்குப் போகும். ஒரு பிள்ளை கையை அசைத்தாலும் அவ்வளவு நண்டும் ஒரே கணத்தில் மறைந்துவிடும். அசையாமல் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதை நண்டு ஒரே நாளில் கற்றுக்கொடுத்துவிடுகிறது. அதை நான் வகுப்பில் ஒரு வருடம் சொன்னாலும் புரியவைக்க முடியாது.

கடற்கரை எட்டாதவர்களுக்கு மாதவரம் பக்கத்துப் பூங்காவோ, ரெட்டேரிக் கரையோ, வீட்டு மொட்டை மாடியோ போதும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக ஒரே புதரைப் பார்த்துக் கத்தினால், அணில் வாலை உதறியபடி நிறுத்தாமல் குரல் கொடுத்தால், காக்கைகள் ஓரிடத்தைச் சுற்றிச் சுற்றித் தாழ்ந்தால், அங்கே பாம்போ பூனையோ பருந்தோ இருக்கக்கூடும். அந்தக் குரலைக் கேட்டதும் நிற்கப் பழகிய பிள்ளை, பாம்பு பார்வைக்கு வருவதற்கு முன்பே நின்றுவிடும்.

காற்று

வாடை வடக்கிலிருந்து, தென்றல் தெற்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, கோடை மேற்கிலிருந்து. இந்த நான்கு பெயரும் நம் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் வருகின்றன, முகத்தில் படுகிறபோது தெரிவதில்லை. எங்கே போனாலும் வந்து சேர்ந்ததும் முதல் கேள்வியாக ‘காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது?’ என்று கேளுங்கள். விரலை நனைத்துத் தூக்கிப் பிடித்தால் எந்தப் பக்கம் முதலில் குளிர்கிறதோ அதுவே காற்று வரும் திசை. கைப்பிடி உலர்ந்த மணலை இடுப்பு உயரத்திலிருந்து விட்டாலும் தெரியும். நமக்கு இன்னொரு பெரிய காற்றுக்காட்டி இருக்கிறது: தொழிற்சாலைப் புகைபோக்கி. புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமிருந்து காற்று வருகிறது என்பதை எட்டு வயதுப் பிள்ளை ஒரே பார்வையில் சொல்லிவிடும். கோடையில் காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கிச் சாய்ந்த புகை, நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்ததும் ஊர்ப்பக்கம் திரும்புவதையும், கடற்காற்று தாமதமாக வரும் நாள்களில்தான் சென்னை கொதிக்கிறது என்பதையும் ஒரு விடுமுறை நாளில் மொட்டை மாடியில் இருந்தபடியே அவர்களே கண்டுபிடிக்கலாம்.

இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் கடலோரத்தில் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, தூக்கத்திலிருந்து எழுந்த மக்கள் மூச்சுத் திணறலோடும் கண்ணெரிச்சலோடும் தெருவில் ஓடினார்கள். அப்படியொரு வேளையில் ஓடும் திசைதான் முக்கியம். காற்று போகும் திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வருகிறது. காற்று வரும் திசையை நோக்கி ஓடினால், கசிவு அந்தப் பக்கம் இருக்கையில் அதற்குள்ளேயே நுழைந்துவிடுகிறோம். காற்றுக்குக் குறுக்காக, பக்கவாட்டில் நடந்து அந்த வாயுப் பாதையைவிட்டு விலக வேண்டும். அமோனியா நீரில் எளிதில் கரைவதால், நனைத்துப் பிழிந்த துண்டை மூக்கிலும் வாயிலும் அழுத்திக்கொண்டால் ஓரளவு காக்கும்; கண் எரிந்தால் நிறைய நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். வெளியே போக வழியில்லை என்றால் கதவு, சன்னல்களை அடைத்து, கதவிடுக்கில் ஈரத்துணி திணித்து, வெளிக்காற்றை உள்ளிழுக்கும் விசிறியை நிறுத்திவிட்டு, அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு இதைத் திடலில் பழக்குகிறேன்: நான் ஒரு மூலையில் நின்று ஊதுபத்தி கொளுத்துவேன், அவர்கள் புகையைப் பார்த்துக் குறுக்காக நடக்க வேண்டும். பத்து நிமிடப் பயிற்சிதான். பெரியவர்களும் கூட நின்று செய்வது நல்லது.

கடல்

நம் கரையில் அலை உயரத்தைவிட அபாயமானது இழுப்பு. கரைக்கு வந்து குவியும் தண்ணீர் ஏதாவது ஒரு வழியில் திரும்பப் போயாக வேண்டும்; அது ஒடுங்கிய பாதையாகக் கடலுக்குள் பாயும் இடத்தில் நிற்பவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கரை அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளின் ஓரங்களில் இந்த இழுப்பு அடிக்கடி உண்டாகும். பிள்ளைகளைக் கரையிலேயே நிறுத்தி அதைக் காட்டுங்கள். இருபுறமும் வெள்ளை நுரையோடு அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் அலை உடையாமல் தண்ணீர் கருத்தோ மணல் கலந்து கலங்கியோ தெரியும். நுரை கரைக்கு வராமல் கடல் நோக்கிப் போகும். அதுதான் இழுப்பு. பிள்ளையின் கண்ணுக்கு அது அலையில்லாத, குளிக்க நல்ல இடமாகத் தெரிகிறது. அந்தத் தவற்றைத் திருத்தத்தான் இவ்வளவு நேரம் கரையில் நிற்கிறோம். தேங்காய் நார்க் கொத்து ஒன்றை அந்த இடத்தில் எறிந்து அது போகும் வேகத்தைப் பார்க்கச் சொன்னால், அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி நேராக நீந்தக்கூடாது. நல்ல நீச்சல்காரரும் அப்படித்தான் களைத்து மூழ்குகிறார். இழுப்பு ஆளைக் கீழே அமுக்குவதில்லை, வெளியே கொண்டுபோகிறது, அவ்வளவுதான். மல்லாந்து மிதந்து, ஒரு கையைத் தூக்கிக் காட்டி, இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடையும் இடத்துக்கு வந்து அலையோடு திரும்ப வேண்டும். ஆகவே நீச்சலில் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது கைவீச்சு அல்ல, மல்லாந்து மிதத்தல்: காது தண்ணீருக்குள், தாடை மேலே, நெஞ்சில் காற்று நிரப்பி, கைகால் விரித்து. இதைக் கடலில் கற்றுக்கொடுக்காதீர்கள். குளத்தில், இடுப்பளவு நீரில், உங்கள் உள்ளங்கை பிள்ளையின் முதுகுக்கு அடியில் இருக்கும்போது மட்டும் கற்றுக்கொடுங்கள்.

குப்பத்துப் பெரியவர்கள் கடலைப் பார்த்ததும் இன்றைக்கு வன்னியா, தெண்டியா என்று சொல்லிவிடுவார்கள். கரையோடு நெடுக ஓடும் நீரோட்டத்துக்கு, அது ஓடும் பக்கத்தைப் பொறுத்து அவர்கள் வைத்த பெயர்கள் அவை. வலை சீர்செய்துகொண்டிருக்கும் பெரியவர் ஒருவரிடம் பிள்ளைகளை அழைத்துப் போய், ‘தாத்தா, இன்னைக்குத் தண்ணி எந்தப் பக்கம் போவுது?’ என்று கேட்கச் சொல்லுங்கள். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லாத நுட்பத்தோடு, அலையின் நிறத்தையும் காற்றையும் சேர்த்து அவர் விளக்குவார். தம் பெயரன் வயதுப் பிள்ளைகள் கேட்டால் மறுப்பவர்களை நான் பார்த்ததில்லை.

நண்பன் மூழ்கினால் என்ன செய்வது என்பதற்கு ஒரே விதிதான்: பிள்ளை தண்ணீரில் குதிக்கக்கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவரும் சேர்ந்து போவது நம் கரையில் திரும்பத் திரும்ப நடக்கிறது. கத்தி ஆள் சேர்க்க வேண்டும். கழி, துண்டு, சேலை எதையாவது நீட்ட வேண்டும். எட்டாவிட்டால் மிதக்கும் பொருளை எறிய வேண்டும். ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன் ஒன்றை எடுத்து, இரண்டு விரல் அளவுக்குத் தண்ணீர் விட்டு, மூடியை இறுக்கி, பத்து மீட்டர் நைலான் கயிற்றைக் கட்டுங்கள். உள்ளே இருக்கும் கொஞ்சம் தண்ணீர் அதைக் காற்றில் அலையாமல் நேராகப் போக வைக்கும்; மீதிக் காற்று ஒரு பிள்ளையின் தலையைத் தண்ணீருக்கு மேலே நிறுத்திவைக்கப் போதும். மூழ்குபவர் பெரும்பாலும் கத்துவதில்லை என்பதையும் சொல்லிவையுங்கள். வாய் நீர்மட்டத்தில், தலை பின்னுக்குச் சாய்ந்து, கைகள் தண்ணீரைக் கீழே அழுத்திக்கொண்டு, சத்தமே இல்லாமல் இருந்தால் அதுதான் மூழ்கும் தோற்றம்.

கயிற்றைக் கேனில் கட்டும் முடிச்சு அவிழவும் கூடாது, மாட்டிய கையை இறுக்கவும் கூடாது. அதைப் பிள்ளைகளுக்கு நான் நண்டுக் கதையாகச் சொல்கிறேன். இடக்கையில் கயிற்றைப் பிடித்து அதில் ஒரு சிறு வளையம் போடுங்கள், நீண்ட பகுதி வளையத்துக்கு அடியில் இருக்கட்டும். அந்த வளையம்தான் நண்டு வளை. நீண்டு போகும் கயிறு படகு கட்டும் கம்பம். வலக்கையிலிருக்கும் நுனி நண்டு. நண்டு வளைக்குள்ளிருந்து, அதாவது வளையத்தின் அடிப்பக்கமிருந்து, மேலே வருகிறது. கம்பத்தின் பின்பக்கமாகச் சுற்றுகிறது. ஆள் வரும் சத்தம் கேட்டுத் திரும்ப அதே வளைக்குள் இறங்கிவிடுகிறது. இப்போது நுனியையும் கம்பத்தையும் இழுத்தால், எவ்வளவு பாரம் வந்தாலும் சுருங்காத வளையம் கிடைக்கும். இரண்டு கைகளால் பழகியபின் கண்ணை மூடிக்கொண்டு போடச் சொல்லுங்கள். உண்மையில் தேவைப்படும் நேரம் இருட்டாகவோ மழையாகவோ இருக்கலாம்.

கரைக்குக் கொண்டுவந்தவரின் வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் தவறு. மூச்சில்லை என்றால் வாயோடு வாய் வைத்து மூச்சூதி, மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கி, 108-ஐ அழைக்க வேண்டும். பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போகும் எந்தப் பெரியவரும் இந்த முதலுதவியை முறையாகக் கற்றிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னும் ஒன்று. 2004 டிசம்பர் 26 அன்று காலை 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே நிலம் நடுங்கி, ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் சுனாமி அலை சென்னைக்கு வந்தது. அன்றைக்கு எச்சரிக்கை அமைப்பு இல்லை, இன்றைக்கு இருக்கிறது. ஆனாலும் நிலம் வலுவாக அதிர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்கி அடித்தரை தெரிந்தாலோ, வேடிக்கை பார்க்காமல் மேற்கே ஓட வேண்டும். முதல் அலை போனபின் திரும்பி வரக்கூடாது, அடுத்தது அதைவிடப் பெரிதாக இருக்கலாம். கடலில் யாராவது ஆபத்தில் இருந்தால் கடலோரக் காவல் குழுமத்தின் எண் 1093.

முகத்துவாரமும் சேறும்

எண்ணூர் முகத்துவாரத்துக்கு வற்றும் வேளையில் போங்கள். கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. இன்று ஏறிய நேரத்தைவிட நாளை முக்கால் மணி நேரத்துக்குமேல் தள்ளித்தான் ஏறும். ஒரு குச்சியை நீர்விளிம்பில் நட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே ஏற்றமா வற்றமா என்பது தெரிந்துவிடும். அலையாத்தி மரங்களைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல் ஆயிரக்கணக்கில் எழும்பி நிற்பவை அவற்றின் மூச்சு வேர்கள். சேற்றில் காற்றில்லாததால் வேர் மேலே வந்து சுவாசிக்கிறது. இலையின் அடிப்பக்கத்தில் மரம் வெளியேற்றிய உப்பு படிந்திருக்கும். அதை விரலால் தொட்டுப் பார்க்கலாம், நாவில் வைக்க விடாதீர்கள். நிலக்கரிச் சாம்பலும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் வந்து இந்தக் கழிமுகம் முழுக்கப் படர்ந்த எண்ணெயும் படிந்த இடம் இது. அந்த எண்ணெயில் இறக்கை ஒட்டிப்போன கூழைக்கடாக்களை எங்கள் பிள்ளைகள் பார்த்தார்கள்; இயற்கையைக் காட்டுகிறோம் என்று கூட்டிப் போய்விட்டு அதை மறைப்பது நேர்மையில்லை, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன்.

சேற்றில் கால் புதைந்தால் மற்றக் காலை ஊன்றி இழுக்கக்கூடாது, அதுவும் புதையும். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து எடையைப் பரப்பி, காலைச் சிறிது சிறிதாக ஆட்டித் தண்ணீர் உள்ளே இறங்கவிட்டு, மெல்ல உருவ வேண்டும். முழங்கால் ஆழ நீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடந்தால், மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை விலகிப் போய்விடும். திருக்கை வாலோ கெளுத்தி முள்ளோ குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய அளவு சுடுநீரில் காலை வைத்திருப்பது வலியைக் குறைக்கும். பிறகு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மழைக்காலம்

புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்களை எங்கள் பிள்ளைகள் வாய்ப்பாடுபோலச் சொல்வார்கள். 1, 2 என்றால் புயல் தொலைவில் கடலில் இருக்கிறது. 3, 4 துறைமுகத்துக்கு எச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பேரபாயம். 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. புயலின் கண் கடக்கும்போது காற்று அடங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கடந்தபோது நடுவில் காற்று ஓய்ந்ததும் என் தெருவிலேயே பலர் வெளியே வந்தார்கள்; பிறகு எதிர்த்திசையிலிருந்து அடித்தது.

வெள்ளநீரில் தேவையின்றி நடக்கவே கூடாது. நடந்தே தீர வேண்டும் என்றால், பெரியவர் முன்னால் கழியால் தரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு போக, பிள்ளைகள் கைகோத்துப் பின்னால் வர வேண்டும். மூடியில்லாத சாக்கடைக் குழிக்கு மேலே நீர் சுழலும், அல்லது குமிழியிடும். தெருவோர மின்பெட்டியிடமிருந்தும் அறுந்த கம்பியிடமிருந்தும் விலகியே போக வேண்டும். காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணச் சொல்லுங்கள்: மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடித்தால் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வரக்கூடாது. படகும் தனிமரமும் கடற்கரை வெளியும் மின்னல் வேளையில் நிற்கத் தகாத இடங்கள்.

பாம்பு, நாய், செடி

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நம் ஊரில் உயிரைப் பறிக்கும் கடிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த நான்கினுடையவை. சாரையும் தண்ணீர்ப்பாம்பும் நஞ்சற்றவை. ஆனால் பிள்ளையிடம் அடையாளம் காணும் பொறுப்பைக் கொடுக்காதீர்கள். எந்தப் பாம்பாக இருந்தாலும் நின்று, பின்னால் நகர்ந்து, பெரியவரைக் கூப்பிட வேண்டும், அடிக்கக்கூடாது. கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலியோ வீக்கமோ பெரிதாக இல்லாமலே போகலாம் என்பதால், விடியலில் வயிற்றுவலியோ இமை சரிவோ வந்தால் அலட்சியம் கூடாது. கடித்த இடத்தைக் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுக்கிக் கட்டுவதும் கேடு. நடக்கவிடாமல், கைகாலை அசையாமல் வைத்து, நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நமக்கு ஸ்டான்லி இருக்கிறது. அங்கே போடும் நஞ்சுமுறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துக்கொடுப்பவர்களில் முதன்மையானவர்கள், 1978 முதல் கூட்டுறவுச் சங்கமாக இயங்கும் இருளர் மக்கள். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவர்கள் பார்வை மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

நம் தெருக்களில் பாம்பைவிட நாய்க்கடி அதிகம். நாய் நெருங்கினால் ஓடக்கூடாது. மரம்போல் நின்று, கைகளை உடலோடு ஒட்டி, அதன் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்க்க வேண்டும். கடியோ கீறலோ பட்டால் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசி போட வேண்டும். திட்டுவார்கள் என்று மறைத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கடித்ததைச் சொன்னால் திட்டமாட்டோம் என்ற உறுதியை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

காட்டாமணக்குக் கொட்டை, மஞ்சள் அரளிக் காய், ஊமத்தங்காய், குன்றிமணி, இந்த நான்கையும் கையில் காட்டி, வாயில் வைக்கக்கூடாது என்று சொல்லுங்கள். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. கொடுக்காப்புளியும் நாவலும் பறித்துத் தின்னலாம், ஆனால் ஆலைக் கழிவுநீர் ஓடும் கால்வாய் ஓரத்தில் முளைத்த கீரையோ பழமோ வேண்டாம்.

வழி தவறினால்

வடிவுடையம்மன் கோயில் பௌர்ணமிக் கூட்டத்திலும், ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டு மீன் சந்தையிலும் கைவிட்டுப் போன பிள்ளை, தேடி அலையத் தொடங்குவதால்தான் இன்னும் தொலைகிறது. நின்ற இடத்திலேயே ஒரு தூணையோ மரத்தையோ பிடித்துக்கொண்டு நின்று, மூன்று முறை விசில் ஊதி, நிறுத்தி, மறுபடி மூன்று முறை ஊத வேண்டும். யாரிடமாவது கேட்க வேண்டுமானால் காவலரிடமோ, பிள்ளையோடு இருக்கும் பெண்ணிடமோ கேட்கட்டும். 1098 குழந்தைகள் உதவி எண், 112 அவசர எண்; இரண்டோடு அம்மாவின் எண்ணையும் பாட்டாகப் பழக்குங்கள்.

திசை அறிய நமக்குக் கடல் இருக்கிறது: அலைச்சத்தம் கிழக்கு. கடல் தெரியாத இடத்தில் ஒரு கழியை நட்டு, நிழலின் நுனியில் கல் வைத்து, கால் மணி நேரம் கழித்து நுனி நகர்ந்த இடத்தில் இன்னொரு கல் வைத்தால், முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. இரவில் துருவ நட்சத்திரம் சென்னையில் அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில், அதாவது கையை நீட்டி முட்டிபிடித்தால் ஒரு முட்டிக்குச் சற்று மேலே நிற்கும். எண்ணூரின் விளக்கொளியிலும் புகையிலும் அது எங்களுக்குப் பல நாள் தெரிவதில்லை, பழவேற்காட்டில் தெரிந்தது.

குறிப்பேடு

வீடு திரும்பியதும், கால் கழுவும் முன்பே, ஒவ்வொரு பிள்ளையும் நாற்பது பக்க நோட்டில் தேதி, காற்று வந்த திசை, கடல் ஏறியதா வற்றியதா, பார்த்த ஓர் உயிர் ஆகியவற்றை எழுத வேண்டும். படம் வரையலாம். பெயர் தெரியாவிட்டால் ‘சிவப்புக் கால், நீண்ட மூக்கு’ என்று எழுதினால் போதும். பெயரைவிடக் கண் முக்கியம். ஒரு வருடம் தொடர்ந்தால், தை மாதத்தில் பங்குனி ஆமைகள் கரையேறத் தொடங்குவதும், ஐப்பசியில் வாடை திரும்புவதும், உள்ளான் பறவைகள் வருவதும் போவதும் அவர்கள் கையெழுத்திலேயே இருக்கும். போன வாரம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் நோட்டைப் புரட்டி, ‘சார், போன வருஷமும் இதே வாரம்தான் காத்து மாறிச்சு’ என்று காட்டினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்தே முக்காலுக்கே வந்து விரலை நனைத்துக்கொண்டு நின்றான்.